கடலுக்கு ஓர் இடாப்பு: முத்துச் சிப்பியிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் வரை

பேரழிவு ஒன்று நேர்ந்த செய்தி வந்ததும் பத்திரிகை அலுவலகத்தில் முதலில் எழுகின்ற கேள்வி ‘எத்தனை?’ என்பதுதான். எத்தனை பேர், எத்தனை வீடுகள், எத்தனை வள்ளங்கள்? இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அழிவுக்கு முன்னர் அங்கே என்ன இருந்தது என்பது எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வாக்காளர் இடாப்பு, ஆலயப் பதிவேடு, கிராம சேவையாளரின் குடும்ப விபரம் என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் இருந்தவற்றிலிருந்து எஞ்சியவற்றைக் கழித்து, இழந்தவற்றைக் கணக்கிட முடியும். இடாப்பு இல்லாத இடத்தில் இழப்பும் இல்லாமற் போய்விடுகின்றது. இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடலுக்கும் இவ்விதி பொருந்தும்.

2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி எரிந்து, ஜூன் மாதத்தில் மூழ்கியது. இரசாயனப் பொருட்களும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் கடலிற் கலந்தன. நான்கு ஆண்டுகளின் பின்னர், 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலரை நட்டஈடாகச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கரையொதுங்கிய 417 கடலாமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கலங்கள் பற்றித் தீர்ப்பில் கூறப்பட்டது. இவை கரையில் கிடந்தமையால் எண்ணப்பட்டவை. கரைக்கு வராமல் அடியிலேயே மடிந்த சிறு மீன்களும், நண்டுகளும், புழுக்களும், கடற்பஞ்சுகளும் எத்தனை? இந்தக் கேள்விக்குப் பதில் தரக்கூடிய முழுமையான இடாப்பு எந்தக் கடலுக்கும் இதுவரை கிடையாது.

ஆனால் அதனை எழுதுவதற்கான முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிகப் புதிய அத்தியாயம் ஒரு போத்தல் கடல் நீரில் எழுதப்படுகின்றது. ‘சுற்றாடல் டி.என்.ஏ.’ என்பது அதன் பெயர். அதற்கு வருமுன், நமது கடலிலேயே நடந்த ஒரு பழைய கணக்கெடுப்பை நினைவுகூர்வது பயனுடையது.

மன்னார்க் கடலில் ஒரு பேராசிரியர்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஈராயிரம் ஆண்டுக் காலப் புகழ் வாய்ந்தது. ஆனால் முத்துச் சிப்பிகள் எந்த அரசாங்கத்தின் கட்டளைக்கும் கட்டுப்பட்டவையல்ல. சில ஆண்டுகளில் பார்கள் நிறைந்து கிடக்கும். பின்னர் காரணம் தெரியாமல் வெறுமையாகிவிடும். 1891ஆம் ஆண்டு முத்துக்குளிப்புக்குப் பின்னர் பத்தாண்டுகளுக்கு மேலாக முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. வருமானம் நின்று போன கவலையில் பிரித்தானிய குடியேற்ற அரசாங்கம் விஞ்ஞானத்தின் உதவியை நாடியது.

அந்த அழைப்பை ஏற்று 1902இன் தொடக்கத்தில் கொழும்பு வந்தவர் லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன். அவருடன் உதவியாளராக ஜேம்ஸ் ஹோர்னெல் வந்தார். சேவல் பார், பெரிய பார், மோதரகம் பார் எனத் தமிழ்ப் பெயர் கொண்ட சிப்பித் திடல்களை அவர்கள் ஆராய்ந்தனர். அடித்தளத்தை வாரும் வலைகளை இழுத்தும், சுழியோடிகளை இறக்கியும் கையில் அகப்பட்டவற்றையெல்லாம் போத்தல்களில் அடைத்தனர். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரளாகத் தோன்றி, வளர்ந்து முதிருமுன் மறைந்து போவதை ஹேர்ட்மன் கவனித்தார். திறந்த கடலை நோக்கி அமைந்த அத்திடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து நீரோட்டமும் மணலும் சிப்பிகளை அழிப்பதையும், திருக்கை போன்ற மீன்கள் அவற்றைத் தின்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

ஆய்வின் பெறுபேறுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் றோயல் சங்கத்தினால் வெளியிடப்பட்டன. முத்துச் சிப்பி பற்றிய அறிக்கை என்பது தலைப்பாயினும், மன்னார்க் கடலின் பொதுவான உயிரின இடாப்பாகவும் அது அமைந்தது. கடற்பஞ்சுகளை ஒருவர், முருகைக்கற்களை இன்னொருவர், புழுக்களை வேறொருவர் எனப் பல நிபுணர்கள் தனித்தனியே ஆராய்ந்து எழுதினர். கடற்பஞ்சுகள் பற்றி ஆதர் டெண்டி 1905இல் எழுதிய பகுதியைக் கடற்பஞ்சு ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகின்றனர்.

இதில் இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, எண்ணியவர்கள் எதற்காக எண்ணினார்கள் என்பது. முத்து இல்லையேல் அந்த ஐந்து பாகங்களும் இல்லை. 1905இல் ஏறத்தாழ எட்டுக் கோடி சிப்பிகள் அள்ளப்பட்டு, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபா அளவில் கிடைத்தது. மறு ஆண்டில் முத்துக்குளிப்பு உரிமை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுக்கப்பட்டது. விரைவிலேயே பார்கள் மீண்டும் வெறுமையாகி, கம்பனி நொடித்துப் போயிற்று. வருமானம் நின்றதும் கடலை எண்ணும் ஆர்வமும் தணிந்தது. இரண்டாவது, எண்ணப்பட்டவை எங்கே போயின என்பது. டெண்டி ஆராய்ந்த கடற்பஞ்சுகள் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சேர்ந்தன. மன்னாரில் பிறந்தவற்றின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டுமாயின் தேம்ஸ் நதிக்கரை நகருக்குத்தான் போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும்

வாரு வலையின் குறை, அது வாழிடத்தையே உடைத்து அள்ளுவது. மணல் தரையில் அது ஓரளவு பொருந்தும். முருகைக்கற் பாறையில் பொருந்தாது. தமிழகத்தில் பவளப் பாறை எனப்படும் இப்பாறைகள் கடலடிப் பரப்பில் நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவானவை. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இவை புகலிடம் அளிப்பதாகக் கணிக்கப்படுகின்றது. உடைத்து அள்ளி எண்ணினால், எண்ணி முடிவதற்குள் எண்ண வேண்டியது அழிந்துவிடும்.

1943இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கக்னானும் உருவாக்கிய மூச்சுக் கருவி நிலைமையை மாற்றியது. மனிதன் மீனோடு மீனாக நீந்தி எண்ணலாம் என்றாயிற்று. 1954இல் ஹவாயில் வேர்னன் புறொக் என்ற ஆய்வாளர், குறித்த நீளமுள்ள கோட்டின் வழியே நீந்தி, இரு புறமும் தென்படும் மீன்களைக் குறித்துக்கொள்ளும் முறையை வெளியிட்டார். இன்றுவரை உலகெங்கும் பாறை மீன்களை எண்ணுவதற்கு அடிப்படையாக இருப்பது இம்முறைதான்.

ஆனால் கண் என்பது பாரபட்சம் மிக்க சாட்சி. பெரியதையும் நிறமுள்ளதையும் பகலில் உலாவுவதையும் அது காணும். பொந்துக்குள் ஒளிந்திருப்பது, இரவில் வெளிவருவது, விரல் நகத்தளவே உள்ளது, சுழியோடியின் குமிழிச் சத்தம் கேட்டதும் விலகிப் போவது ஆகியவை அதற்குத் தப்பிவிடும். தப்பியவை அற்பமானவை என்றும் சொல்வதற்கில்லை. பாறை இடுக்குகளில் வாழும் இத்தகைய சிறு மீன்களே பாறையில் இரையாகும் மீன் உணவில் அறுபது வீதமளவைத் தருகின்றன என 2019இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. பாறையின் சமையலறையை நடத்துபவர்களின் பெயர்தான் குடும்ப அட்டையில் இல்லை என்று இதனைக் கூறலாம்.

தண்ணீர் சொல்லும் சாட்சியம்

நீரில் வாழும் ஒவ்வோர் உயிரும் தன்னில் ஏதோவொன்றைச் சதா உதிர்த்துக்கொண்டே இருக்கின்றது. செதில், சளி, கழிவு, முட்டை, இறந்த கலம் ஆகிய ஒவ்வொன்றிலும் அவ்வுயிரின் டி.என்.ஏ. உண்டு. அந்த நீரை அள்ளி, அதிலுள்ள டி.என்.ஏ.யைப் படித்தால் யார் யார் அங்கே இருந்தார்கள் என்று அறியலாம். ஆளைக் காணாமல், விட்டுச் சென்ற தடயத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் துப்பறியும் வேலை இது.

இந்த எண்ணம் ஒரே நாளில் உதித்ததன்று. 1987இலேயே அடிச்சேற்றுப் படிவுகளிலிருந்து நுண்ணுயிர்களின் டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டது. 2003இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹீபேர்ட், கடைப் பொருட்களுக்கு உள்ள கோட்டுக் குறியீட்டைப் போல ஒவ்வொரு விலங்கினத்தையும் ஒரு குறுகிய மரபணுத் துண்டைக் கொண்டு அடையாளம் காணலாம் என்றார். 2008இல் பிரான்ஸில் குளத்து நீரை மட்டும் பரிசோதித்து, அதில் அமெரிக்கக் காளைத் தவளை வாழ்கின்றதா எனக் கண்டறிந்தனர். 2012இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அரை லீற்றர் அளவான கடல் நீர் மாதிரிகளிலிருந்து 15 மீனினங்களை இனங்கண்டனர். குளத்தில் இயன்றது திறந்த கடலிலும் இயலும் என்பது அதனால் உறுதியாயிற்று.

செய்முறை கேட்பதற்கு எளிதானது. ஓரிரு லீற்றர் கடல் நீரை எடுத்து, மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய துளைகள் கொண்ட வடிதாளினூடாகச் செலுத்துவர். வடிதாளில் தங்கிய டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே பி.சி.ஆர். முறையினால் பல கோடி மடங்காகப் பெருக்குவர். பின்னர் அதன் எழுத்து வரிசையை இயந்திரம் படிக்கும். படித்த வரிசை எந்த இனத்துக்குரியது என்று முன்பே சேர்த்து வைக்கப்பட்ட தரவுத் தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பர்.

முருகைக்கற் பாறைகளைப் பொறுத்தவரை 2015 முக்கியமான ஆண்டு. ஜப்பானின் சிபா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மசாக்கி மியாவின் குழுவினர், மீன்களுக்கென உருவாக்கிய பரிசோதனை முறையை ஒக்கினாவாவின் சுராவுமி மீன் காட்சியகத்தில் சோதித்தனர். நான்கு தொட்டிகளில் இருந்த 180 இனங்களில் 168ஐ நீர் காட்டிக்கொடுத்தது. அருகிலிருந்த இயற்கைப் பாறையின் நீரில் 93 மீனினங்கள் தெரியவந்தன. விடை தெரிந்த வினாத்தாளில் முதலில் பரீட்சை நடத்தி, அதன் பின்னரே விடை தெரியாத கடலுக்குள் இறங்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 2017இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் கோரல் பே கடற்பகுதியின் நீரிலிருந்து மீன் முதல் நுண்ணுயிர் வரை 287 குடும்பங்களைச் சேர்ந்த உயிரினங்கள் பதிவு செய்யப்பட்டன.

என்னை மிகவும் கவர்ந்தது 2018இல் நியூ கலிடோனியாவிலிருந்து வந்த செய்தி. அத்தீவுக் கூட்டத்தில் சுழியோடிகள் 2,758 தடவை இறங்கி எண்ணியிருந்தனர். இரை வைத்த நீரடிக் கமராக்கள் 385 தடவை இறக்கப்பட்டிருந்தன. இவையனைத்தும் சேர்ந்து கண்டவை 9 சுறா இனங்கள். வெறும் 22 நீர் மாதிரிகளில் குறைந்தது 13 இனங்களின் தடயம் கிடைத்தது. மனித நடமாட்டம் மிகுந்த பகுதிகளில் இல்லாமற் போயின என்று கருதப்பட்ட சில சுறாக்கள், நம் கண்ணில் படாமல் அங்கேயே இருந்திருக்கின்றன. காணாமற் போனதற்கும் காணப்படாததற்கும் இடையே உள்ள வேறுபாடு எத்துணை பெரியது என்பதை இந்த ஒரு கணக்கே உணர்த்தும்.

2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, மேற்கு இந்து சமுத்திரம் உட்பட ஐந்து வெப்பவலயப் பிரதேசங்களின் பாறைகளில் எடுத்த 226 மாதிரிகளை, 2,047 சுழியோடிக் கணக்கெடுப்புகளுடன் ஒப்பிட்டது. நீர் வழியாகத் தெரிந்த மீன் வகைகள் 2,650. கண்ணால் கண்டவற்றிலும் 16 வீதம் அதிகம். யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைக் கடற்பகுதிகள் 21இல் பாடசாலைப் பிள்ளைகளையும் உள்ளூர் மக்களையும் கொண்டே நீர் எடுப்பித்து, ஏறத்தாழ 4,500 இனங்களைப் பதிவு செய்ததாக 2024இல் அறிவித்தது. இடாப்பு எழுதும் பேனாவை, கடற்கரையில் வாழ்பவனின் கையிலும் கொடுக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

சாட்சியின் குறைகள்

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது பத்திரிகைத் தொழிலுக்கு அழகல்ல. இந்தச் சாட்சிக்கும் குறைகள் உள.

2014இல் கலிபோர்னியாவின் மொன்டரே பே மீன் காட்சியகத்தில் பெருந்தொட்டி ஒன்றின் நீரைப் பரிசோதித்தனர். அதில் நீந்திய முள்மீன்களிற் பெரும்பாலானவை சரியாகத் தெரியவந்தன. ஆனால் கண்ணெதிரே நீந்திக்கொண்டிருந்த சுறாக்களும் கடலாமைகளும் தெரியவில்லை. தொட்டியில் உயிரோடு இல்லாத ஒரு மீனோ தெரிந்தது. அது, மற்ற மீன்களுக்கு உணவாகப் போடப்பட்ட மீன்! பயன்படுத்தும் பரிசோதனை எந்தக் கூட்டத்துக்கென வடிவமைக்கப்பட்டதோ அந்தக் கூட்டத்தைத்தான் அது காணும். உண்டதையும் உயிரோடிருப்பதையும் அது வேறுபடுத்தாது.

கடல் நீரில் டி.என்.ஏ. பெரும்பாலும் சில நாட்களுக்குள் சிதைந்துவிடும். அதற்குள் நீரோட்டம் அதனை இடம்பெயர்க்கவும் கூடும். எத்தனை மீன்கள், எவ்வளவு பெரியவை, முட்டையிடும் வயதினவா என்ற கேள்விகளுக்கு ஒரு போத்தல் நீர் திடமான பதில் தராது. முருகைக்கல் வெளிறியிருக்கின்றதா, நலமாக உள்ளதா என்று பார்க்க இன்னமும் ஒருவர் நீரில் இறங்கத்தான் வேண்டும். புறொக்கின் கோட்டுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் வரவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒப்பீட்டுத் தொகுதியில் உள்ளது. நீரில் கிடைத்த எழுத்து வரிசைக்குப் பெயர் சூட்ட வேண்டுமானால், அந்த இனத்தை யாரோ ஒருவர் முன்பே பிடித்து, சரியாக இனங்கண்டு, அதன் வரிசையைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். பதியப்படாத இனத்தின் தடயம் எத்தனை முறை கிடைத்தாலும் பெயரற்றதாகவே நிற்கும். ஒக்கினாவாவில் 180இல் 168 தெரிந்ததென்றால், அதற்குப் பின்னால் ஜப்பானிய மீனியலாளர்களின் நீண்ட கால உழைப்பு இருந்தது. ஹேர்ட்மன் காலத்துப் போத்தல்களில் நூறாண்டுக்கு மேலாகக் கிடக்கும் மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எளிதன்று. ஆகவே மன்னார்க் கடலின் பெயர்ப் பட்டியல் பெருமளவுக்குப் புதிதாகவே எழுதப்பட வேண்டும். எழுதுபவர் வலையையும் நுணுக்குக்காட்டியையும் அறிந்த பழைய பாணி உயிரியலாளராகவே இருப்பார். புதிய கருவி பழைய அறிஞரை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று நினைப்பது தவறு. முன்னெப்போதையும் விட இப்போதுதான் அவர் அதிகமாகத் தேவைப்படுகின்றார்.

நமது கடல்

1998இல் இந்து சமுத்திரம் வழமைக்கு மாறாகச் சூடேறியபோது, ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீவ் பாறைத் தொகுதியிலும் ஆழமற்ற பகுதிகளின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பியது. இதனை நாம் அறிவது, அதற்கு முன்னரே அப்பாறைகளை இறங்கிப் பார்த்து எழுதி வைத்த ஆய்வாளர்கள் இருந்தமையாலேயே. தென்கரையில் அவர்களால் இறங்க முடிந்தது. வடக்கிலோ நிலைமை வேறு. யாழ்ப்பாணத் தீவுகளைச் சுற்றியும் மன்னாருக்கு வடக்கேயும் உள்ள கடலில், யுத்த காலத்தின் பெரும்பகுதியில் மீன்பிடிக்கச் செல்லவே அனுமதி வேண்டியிருந்தது. அங்கே யார் இறங்கி முருகைக்கல்லை எண்ணுவது? 2009இல் யுத்தம் முடிந்தபோது, அந்தக் கடல் அதுவரை எதை இழந்தது, எதைக் காத்துக்கொண்டது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடர்ச்சியான பதிவுகள் இருக்கவில்லை. அதன் பின்னர் இழுவைப் படகுகள் அடித்தளத்தை வாரிச் செல்வதாக வடபகுதிக் கடற்றொழிலாளர் முறையிடும்போதும், கையில் வைத்துக் காட்ட அவர்களிடம் இருப்பது அறுந்த வலையும் அனுபவமுமே.

உலகின் நான்காவது பெரும் முருகைக்கல் வெளிறல் 2023இல் தொடங்கி, 2024 ஏப்ரலில் உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டது. உலகப் பாறைப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த வெப்பத்துக்கு உள்ளானது. இத்தகைய காலத்தில், பருவத்துக்கு ஒரு முறை குறித்த சில இடங்களில் நீர் எடுத்து, வடித்து, உறைநிலையில் பாதுகாத்து வைப்பது பெருஞ்செலவான காரியமன்று. இன்று பெயர் சொல்ல முடியாத தடயத்துக்கு நாளை பெயர் கிடைக்கலாம். சேமித்த வடிதாள் அதுவரை காத்திருக்கும். ஆனால் இன்று எடுக்காத நீரை நாளை எடுக்க முடியாது. நீர் எடுப்பவர் பெரும் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதுமில்லை. சிலாவத்துறையிலோ நெடுந்தீவிலோ தினமும் கடலுக்குப் போகின்ற ஒரு கடற்றொழிலாளி, முறையாகப் பழக்கினால் அதனைச் செய்வார். ஆனால் அந்த வடிதாள்கள் எங்கே பாதுகாக்கப்படும், அவற்றை வாசிக்கும் உரிமை யாருக்கு என்பவை முதலிலேயே தீர்க்கப்பட வேண்டிய கேள்விகள். ஹேர்ட்மனின் போத்தல்கள் போன வழியே இவையும் போய்விடக் கூடாது.

1902இல் ஒரு பேரரசு, தான் இழந்த வருமானம் எவ்வளவு என்று அறிவதற்காக மன்னார்க் கடலை எண்ணியது. அதே கடலை நம்பி வாழ்பவர்கள், தாம் இழந்தது என்ன என்று சொல்வதற்காக அதனை எண்ணும் காலம் இனி வர வேண்டும். அடுத்த கப்பல் எரியும்போது, அல்லது அடுத்த கோடையில் கடல் கொதிக்கும்போது, ‘எத்தனை?’ என்ற கேள்வி மீண்டும் எழத்தான் போகின்றது. அப்போது நமது கையில் ஓர் இடாப்பு இருக்க வேண்டும்.